புவனராஜ் சொன்ன முடிவு

அமாவாசையன்று அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் விடியுமுன்னே தொடங்கிவிடும் சத்தம் அன்றைக்கு அடங்கிக் கிடப்பதால், வெளியூர்க்காரன் யாராவது வந்தால் தெருவில் சாவு விழுந்துவிட்டதென்று நினைப்பான். தலைமுழுகி, சௌடேஸ்வரி அம்மன் கோயிலுக்குப் போய்வந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டு முடித்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் நீண்டு கிடக்கும் அந்த மத்தியானத்தை, கருணாகரன் நாவல் வாசிக்கும் நேரமாக்கி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது.

நாவல் என்றால் புவனராஜ் எழுதிய நாவல். வேறு யாருடையதும் அந்தத் தெருவில் செல்லாது. மாதம் ஒன்று வரும். மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக வரும் பஸ்ஸின் கூரையில் கட்டாக வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூமிநாதன் வைத்திருந்த வெற்றிலைபாக்குக் கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். அட்டையில் எப்போதும் ஒரு பெண் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருப்பாள். உள்ளே துப்பறியும் நீலமேகம் கிராம்பை மென்றபடி வருவார். முதல் அத்தியாயத்தில் பிணம் விழும். பதினைந்தாம் அத்தியாயத்தில் கொலைகாரன் அகப்படுவான். நடுவில் மழை பெய்யும். புவனராஜின் ஊர்கள் எல்லாவற்றிலும் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்துப்போன சனங்களுக்கு அதைக் கேட்பதே பாதி சுகம்.

கருணாகரன் ஒரு பத்தி வாசிப்பான். பிறகு, புத்தகத் தமிழ் பிடிபடாத கிழவிகளுக்காக அதை அந்தத் தெருக்காரர்கள் வீட்டில் பேசும் கன்னடத்தில் சொல்லுவான். இருபத்தைந்து பேர் தறிக்குழியைச் சுற்றிலும் பாவுக் கட்டைகளின் மேலும் உட்கார்ந்து கேட்பார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. வாசிக்கிறவன் முடிவை முன்னாலேயே படித்திருக்கக் கூடாது. ஒரு தடவை அவன் படித்துவிட்டு வந்து உட்கார, அடுத்த வீட்டுப் பால்ச்சாமி அவன் முகத்தைப் பார்த்தே கொலைகாரனைச் சொல்லிவிட்டான். அதிலிருந்து, புத்தகம் வந்ததும் கடைசி அத்தியாயத்தின் தாள்களைப் பால்ச்சாமியே வாங்கி ஊசியும் நூலுமாகத் தைத்துவிடுவான். அமாவாசையன்று பதினாலாம் அத்தியாயம் முடிந்தபின், எல்லோருக்கும் முன்னால் அந்த நூலை அறுக்க வேண்டும்.

டவுன் நூலகத்தில் வேறு நாவல்களும் இருந்தன. ருஷ்யாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தமிழுக்கு வந்த தடித்தடிப் புத்தகங்கள். கருணாகரன் அவற்றையும் எடுத்துவந்து தறியோரம் வைத்துக்கொண்டு கனவு கண்டதுண்டு. பனியும் குதிரை வண்டியுமாக இருக்கும். ஆனால் அந்தக் கதைகளில் ஒருத்தி செத்துப்போனால், முந்நூறு பக்கம் தாண்டியும் அவள் ஏன் செத்தாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவளுடைய புருஷன் ஜன்னலோரம் நின்று தேநீர் குடிப்பான். வெளியே பனி கொட்டும். அப்படி ஒரு நாவலைப் பாதி படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுடைய அக்கா லிங்கம்மாள் செத்துப்போனாள். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவன், அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் போகவேயில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி அமாவாசை. தெருக் கிணறு வற்றிவிட்டதால் பெண்கள் திருச்சுழி ரோட்டில் வெள்ளாமை செய்யும் தவசி என்கிற சம்சாரியின் தோட்டக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். படி இறங்கி மொள்ளுகிற கிணறு. அன்று காலையில் லிங்கம்மாளும் தங்கை சௌடம்மாளும் சேர்ந்தே போனார்கள். அக்காவின் கைக்குழந்தை வீட்டில் அழும் என்று சௌடம்மாள் முதல் குடத்தோடு முன்னால் வந்துவிட்டாள். வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு அவள் திரும்பிப் போனபோது, அக்காவின் பித்தளைக் குடம் மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

கால் தவறி விழுந்து சாவு என்று போலீசில் எழுதிக்கொண்டு போனார்கள். புருஷன் சென்னகேசவன் இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டில் தறியில் உட்காராமல் ஒரு மாதம் கிடந்தான். தகப்பனார் சென்னய்யா பேச்சைக் குறைத்துக்கொண்டார். எட்டு மாதப் பெண்குழந்தை சௌடம்மாளின் இடுப்பில் ஏறிக்கொண்டது. பிறகு இறங்கவேயில்லை. பாப்பாவுக்கு நடக்க வந்து, பேச வந்து, முதல் பேச்சாக அவள் சௌடம்மாளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள்.

கருணாகரனால் மட்டும் அந்தக் கிணற்றைவிட்டு மேலே ஏற முடியவில்லை. பாசி இல்லாத படி. வருஷக்கணக்காக ஏறி இறங்கிய கால். எப்படித் தவறும்? தறியில் ஊடை நூலோடும் நாடாவைத் தள்ளும்போதெல்லாம் இதே கேள்வி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. நீலமேகமாக இருந்தால் படியில் கிடந்த ஒரு வளையல் துண்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். நீலமேகம் இல்லை, புவனராஜ் இருக்கிறாரே என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றியது. நாவலை வெளியிடும் பத்திரிகை ஆபீஸ் முகவரிக்கு எழுதினான்.

இருபது நாளில் கார்டு வந்தது. சிவப்பு மையில் புவனராஜின் கையெழுத்து. 'தங்கள் சகோதரியின் மர்ம மரணம் என் நெஞ்சைத் தொட்டது. இன்னும் விவரமாக எழுதுங்கள். வீட்டில் யார் யார், யாருக்கு யார்மீது பிரியம், கடைசியாகப் பார்த்தவர் யார்.' கருணாகரன் அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு பதினோரு பக்கம் எழுதினான். குடத்தின் நசுங்கிய வாயைக்கூட விடவில்லை. யாருக்கு யார்மீது பிரியம் என்ற இடத்தில், 'என் தங்கைக்கு அத்தான்மீது மரியாதையும் பிரியமும் உண்டு' என்று எழுதினான். பொய் இல்லை. அந்தத் தெருவில் எந்த மைத்துனிக்குத்தான் இல்லை?

அதற்குப் பதில் வரவில்லை.

ஒரு வருஷம் கழிந்ததும் இரண்டு வீட்டாரும் பேசி, சௌடம்மாளைச் சென்னகேசவனுக்கே கட்டிக்கொடுப்பதென்று முடிவானது. அக்கா போன இடத்தில் தங்கையைக் கொடுப்பது வழக்கம்தான். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். "உனக்குச் சம்மதந்தானா" என்று கருணாகரன் கேட்டதற்கு, "வேற ஒருத்தி வந்தா பாப்பா அங்க போயிருவாளேண்ணே. எனக்கு அவ வேணும்" என்றாள் சௌடம்மாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆடி அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் புவனராஜின் புது நாவல் வந்தது. பெயர் 'மிதந்த குடம்'.

பெயரைப் பார்த்ததுமே கருணாகரன் கையை நீட்டினான். ஆனால் பூமிநாதன் கடையில் புத்தகத்தைக் கையில் வாங்கியது பால்ச்சாமி. அங்கேயே ஊசியை எடுத்துத் தைத்துவிட்டான்.

அமாவாசையன்று வழக்கத்தைவிடக் கூட்டம். சௌடம்மாள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சென்னய்யா சுவரில் சாய்ந்திருந்தார். கருணாகரன் ஆரம்பித்தான். அருணாபுரி என்று ஓர் ஊர். நெசவாளர் குடும்பம். இரண்டு சகோதரிகள், ரஞ்சிதம், மஞ்சரி. கொட்டுகிற மழையில், அமாவாசை இருட்டில் ஒரு கிணறு. வாய் நசுங்கிய பித்தளைக் குடம்.

"ஏலே, இது நம்ம லிங்கம்மா கதையால்ல இருக்கு" என்றான் பால்ச்சாமி.

யாரும் எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். சென்னய்யா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்போதே நிறுத்தியிருக்கலாம். கருணாகரன் பக்கத்தைப் புரட்டினான்.

கதையில் தங்கை மஞ்சரி, கொலை நடந்த இரவு முழுக்கத் தறி நெய்துகொண்டிருந்ததாகச் சொல்லுகிறாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் தறிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

பால்ச்சாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அமாவாசைக்கு எவளப்பா தறி நெய்வா? இந்த மனுசன் நம்ம தெருவுக்கு வந்திருந்தா அம்மனே கண்ணைக் குத்தியிருப்பா."

"மழை வேற பேயுதாம்ல. நம்ம ஊருல" என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். சௌடம்மாளும் சிரித்தாள்.

புவனராஜின் பதினாலாம் அத்தியாயத்தில் எப்போதும் ஒரு நல்லவன், தான் பிரியம் வைத்தவரைக் காப்பாற்ற, 'நான்தான் கொன்றேன்' என்று தானாக வந்து நிற்பான். நீலமேகம் சிரித்துவிட்டு அவனை உட்காரச் சொல்லுவார். இந்தக் கதையில் அப்படி வந்து நின்றவன் அக்காளின் புருஷன். அத்தியாயம் முடிந்தது.

"நூலை அறு" என்றான் பால்ச்சாமி.

கருணாகரன் பிளேடை வைத்தான். தையல் விட்டது. அச்சு அவன் ஒருவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்களுக்கு அவன் வாய்தான் புத்தகம். முதல் பக்கத்தின் நடுவிலேயே மஞ்சரி என்ற பெயர் கண்ணில் பட்டுவிட்டது. வாசிக்கும்போதும் கன்னடத்தில் சொல்லும்போதும் அந்த ஒரு பெயரை மாற்றினால் போதும். பால்காரன், கணக்குப்பிள்ளை, யாரோ ஒருவன். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

மாற்றாமல் சொன்னான். ஏனென்றால் அவனுக்கு ஒரு கொலைகாரன் வேண்டியிருந்தது. லிங்கம்மாள் சாவதற்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் அவனுடைய தறிக்குழிப் பக்கம் வந்து நின்று, "கருணா" என்றாள். அவன் நூலகத்துத் தடிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பழைய புவனராஜ் ஒன்றை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். "இரு அக்கா, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றான். பக்கம் முடிந்து நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். பதினோரு பக்கக் கடிதத்தில் அவன் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான். யாராவது தள்ளிவிட்டிருந்தால் அவள் சொல்லவந்ததற்கும் சாவுக்கும் சம்பந்தம் இருக்காது. அப்படி இருந்துவிடக் கூடாதா என்று பதினாறு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தவன், அந்தத் தாள்களை ஓர் எழுத்து விடாமல் வாசித்தான்.

மஞ்சரிக்கு அத்தான்மீது ஆசை. தறிச் சத்தத்தை டேப் ரிக்கார்டரில் பிடித்து ஓடவிட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். பின்னால் நின்று தள்ளினாள். அக்காளின் குழந்தையைத் தூக்கி வளர்த்தது ஊரை ஏமாற்ற. 'அந்த அன்பு முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது ஒரு நாகம்' என்றார் நீலமேகம், கிராம்பைத் துப்பிவிட்டு.

டேப் ரிக்கார்டருக்கும் ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியில் அடங்கிவிட்டது. ஒரு கிழவி அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு எல்லோரும். கருணாகரனும் பார்த்தான். பார்க்கக் கூடாதென்று நினைப்பதற்குள் கண் போய்விட்டது. சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சௌடம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களை அவள் பார்க்கவேயில்லை.

கூட்டம் கலைந்தபின் அவள் பக்கத்தில் வந்தாள்.

"நீதான எழுதிப் போட்ட?"

"நடந்ததைக் கண்டுபிடிச்சுச் சொல்லுவாருன்னு எழுதினேன் ஆத்தா."

"சொல்லிட்டாரே."

"அது கதை. அமாவாசைக்குத் தறி ஓடாதுன்னுகூடத் தெரியாத மனுசன்."

"அது அவருக்குத் தெரியாது. உனக்கு என்னைத் தெரியும்ல. நீ எதுக்கு அப்படிப் பாத்த?"

அவன் ஏதேதோ சொன்னான். அவள் முழுதும் கேட்காமல் பாப்பாவின் வாயைத் துடைத்துவிடப் போய்விட்டாள்.

பூமிநாதன் கடைக்கு வழக்கமாகப் பத்துப் புத்தகம் வரும். அந்த மாதம் பாலவனத்தத்திலிருந்தும் பரளச்சியிலிருந்தும்கூட ஆட்கள் வந்து கேட்டார்கள். மதுரைக்குச் சொல்லிவிட்டு இன்னும் ஐம்பது வரவழைத்தான். "உங்க வீட்டுக் கதையாமே" என்று கருணாகரனிடம் மரியாதையாகக் கேட்டான்.

தெருவில் எல்லோரும் கருணாகரன் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள். மழை பொய், டேப் ரிக்கார்டர் பொய், அமாவாசைத் தறி பச்சைப் பொய். "ஆனா பாரு" என்றான் பால்ச்சாமி, "இதையெல்லாம் தப்பாச் சொன்னவரு, நாம யாருமே நினைக்காத ஆளைச் சொல்லிட்டாரு பாத்தியா. அங்கதான் இருக்கு மூளை."

"யாரும் நினைக்காததுக்குக் காரணம் அவ பண்ணலைங்கிறதுதான். அவரு எல்லாக் கதையிலயும் நினைக்காத ஆளைத்தான் சொல்லுவாரு" என்றான் கருணாகரன்.

"அதத்தான் நானும் சொல்றேன். ஒரு தடவையாச்சும் தப்பினதுண்டா?"

கருணாகரன் புவனராஜுக்கு எழுதினான். என் தங்கை நிரபராதி, அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள் என்று கெஞ்சி எழுதினான். அமாவாசைக்கு எங்களில் தறி ஓடாது என்பதையும் எழுதினான். இந்தத் தடவை ஒரே வாரத்தில் பதில் வந்தது. 'கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். தங்கள் ஊரில் கிடைத்த அமோக வரவேற்பு அறிந்து மகிழ்ச்சி. தறி, அமாவாசை பற்றிய தகவல் சுவையானது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன். தங்கள் பகுதியில் வேறு மர்மச் சம்பவங்கள் நடந்திருந்தால் எழுதவும்.' அதே சிவப்பு மை.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் சென்னகேசவன் தன் தாயாரோடும் சாதிப் பெரியவர்கள் இரண்டு பேரோடும் வந்தான். பாயை விரித்தார்கள். சௌடம்மாள் கொடுத்த தண்ணீரை அந்த அம்மாள் வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை.

"நான் நம்பலப்பா கருணா" என்றாள் அந்த அம்மாள். "இவனும் நம்பலை. ஊரு நம்புது. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாலும் ஊரு என்ன சொல்லும்? எம் மகன் உசிரோட இருக்கணும்ல. கல்யாணம் வேணாம். பேத்தியை நாங்க கூட்டிட்டுப் போறோம்."

சென்னகேசவன் தலையைத் தூக்கவில்லை. "மாப்ளே, என்னைத் தப்பா நினைக்காத" என்றான்.

கருணாகரன் எழுந்து நின்றான். யாரும் அவளைத் தள்ளவில்லை என்றான். முதல் நாள் அக்கா தன்னைத் தேடி வந்ததை, தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காததை, அவள் திரும்பிப் போனதை, அப்பா இருக்கும்போதே, சௌடம்மாள் இருக்கும்போதே சொன்னான். "அவளுக்கு மனசுல என்னமோ இருந்திருக்கு. அதைக் கேக்காம விட்டவன் நான். குத்தம் சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க. இந்தப் பிள்ளை மேல ஒண்ணுமில்லை."

சென்னய்யா மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் முகத்தில் இரக்கமும் ஒரு சின்னச் சிரிப்பும் வந்தன. மாதாமாதம் தறிக்குழி ஓரம் வந்து உட்கார்ந்து கதை கேட்கிறவர் அவர்.

"உக்காருப்பா" என்றார். "தங்கச்சி மேல உசுரு உனக்கு. தெரியாதா எங்களுக்கு. இப்படி ஒருத்தன் வந்து பழியை ஏத்துக்கிடத்தான் செய்வான்."

"கதை இல்லைய்யா, நிசம்."

"இத்தனை நாளு எதுக்குச் சொல்லலை?"

அந்த அம்மாள் எழுந்தாள். "அப்படியே பாத்தாலும், அவ என்ன சொல்ல வந்தான்னு யாருக்குத் தெரியும். தங்கச்சியைப் பத்திச் சொல்ல வந்தாளோ என்னவோ" என்றாள். அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. தோன்றியதைச் சொன்னாள். கேட்ட பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அவனுடைய வாக்குமூலம் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பாப்பா அழவில்லை. அப்பா வீட்டுக்கு ஊர்வலம் போவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். தெரு முனை திரும்பும்போதுதான், சௌடம்மாள் கூட வரவில்லை என்று தெரிந்து, பாட்டியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். அவளுடைய இரண்டு கவுன்களும் கொடியிலேயே கிடந்தன. யாரும் கேட்கவில்லை. சௌடம்மாளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நூல் சுற்ற உட்கார்ந்த சௌடம்மாள், ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா அன்னைக்கு வந்து நின்னப்ப மூஞ்சி எப்படிண்ணே இருந்துச்சு? அழுதிருந்தாளா?"

கருணாகரன் நினைத்துப் பார்த்தான். முயன்று முயன்று நினைத்தான். அந்தப் பக்கம் முழுவதும் ஞாபகம் வந்தது. நீலமேகம் ஒரு பாழடைந்த பங்களாவின் மாடிப்படியில் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு ஏறுகிறார், மேல்படியில் ஈரக் கால்தடம், வெளியே இடி. ஒரு வரி விடாமல் வந்தது. பக்கத்தில் நின்ற அக்காளின் சேலை என்ன நிறம் என்றுகூட வரவில்லை.

"பாக்கலை" என்றான்.

சௌடம்மாள் மறுபடியும் ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.